பிலேயாமின் கதையைக் கழுதையோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தில், வேதாகமத்தில் வருகிற பிலேயாமின் கழுதை பேசிய கதை வந்திருந்தது. நல்ல நடையில் எழுதியிருந்தார்கள். கடையில் உட்கார்ந்து வாசித்துவிட்டுப் பக்கத்துக் கடைத் தம்பிக்கும் கொடுத்தேன். ஆனால் கழுதை வாய் திறந்தது, பிலேயாம் தலை குனிந்தான், வாயில்லா ஜீவனை அடிக்கக் கூடாது என்பதோடு கட்டுரை முடிந்துவிட்டது. ஓய்வுநாள் பாடசாலையில் சிறு பிள்ளைகளுக்கும் இப்படித்தான் சொல்லி முடிக்கிறோம். பிரசங்க பீடத்திலும் பெரும்பாலும் இதுதான். கழுதைக்கு முன்னால் ஒரு ராத்திரி இருக்கிறது, கழுதைக்குப் பின்னால் ஒரு பெரிய சாவு இருக்கிறது. இந்த இரண்டையும் யாரும் தொடுவதில்லை. அதை எழுதத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான். பொறுத்துக்கொண்டு, முடிந்தால் முழுதாகப் போடுங்கள்.

நான் திசையன்விளைப் பக்கம் கருப்பட்டி, புளி, மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்கிறவன். இறையியல் கல்லூரியில் படித்தவன் அல்ல. அப்பா ஒரு சிறு சபையில் உபதேசியாராக இருந்தார். சாயங்கால ஜெபத்தில் வேதாகமத்தை வரிசையாக வாசிக்க வேண்டும். லேவியராகமம், எண்ணாகமம் வந்தால் தாண்டிப்போக விடமாட்டார். அப்படித்தான் எண்ணாகமம் 22, 23, 24 அதிகாரங்கள் எனக்கு மனதில் நின்றன. வியாபாரத்துக்கு வந்த பிறகுதான் அவை புரிந்தன.

கதை தெரியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இஸ்ரவேல் ஜனங்கள் எகிப்திலிருந்து வந்து மோவாபின் சமவெளியில், யோர்தானுக்கு இக்கரையில் எரிகோவுக்கு எதிரே, கூடாரம் போட்டிருக்கிறார்கள். மோவாபின் ராஜா பாலாக்குக்குப் பயம். யுத்தத்தில் ஜெயிக்க முடியாது என்று தெரிந்து, பெத்தூரில் இருந்த பேயோரின் குமாரன் பிலேயாமுக்கு ஆள் அனுப்புகிறான். இவன் ஆசீர்வதித்தால் பலிக்கும், சபித்தால் பலிக்கும் என்று பெயர். இஸ்ரவேலன் அல்ல, புறஜாதியான். ஆனாலும் கர்த்தர் அவனோடு பேசுகிறார். அவனும் 'என் தேவனாகிய கர்த்தர்' என்கிறான். இது வெறும் பாட்டிக்கதை என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1967-ல் யோர்தான் பள்ளத்தாக்கில் தேர் அல்லா என்ற இடத்தைத் தோண்டியபோது, சுவரின் சாந்துப் பூச்சில் கறுப்பு, சிவப்பு மையால் எழுதிய எழுத்துகள் துண்டு துண்டாகக் கிடைத்தன. ஏறத்தாழ 2,800 வருஷத்துக்கு முந்தையவை. அதில் 'பேயோரின் மகன் பிலேயாம்' என்று ஒரு தரிசனக்காரனின் பெயர் இருக்கிறது. வேதத்துக்கு வெளியிலும் அந்த வட்டாரத்தில் அந்தப் பெயர் பேசப்பட்டிருக்கிறது.

முதல் தடவை வந்த மூப்பர்கள் குறி சொல்லுதலுக்குரிய கூலியைக் கையிலேயே கொண்டு வந்தார்கள். அன்று ராத்திரி கர்த்தர் சொன்னது தெளிவாக இருக்கிறது. போக வேண்டாம், சபிக்கவும் வேண்டாம், அவர்கள் ஆசீர்வதிக்கப்பட்டவர்கள். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆனால் காலையில் பிலேயாம் அந்த மூப்பர்களிடம் சொன்னதைக் கவனித்துப் பாருங்கள். உங்களோடு வர எனக்குக் கர்த்தர் உத்தரவு கொடுக்கவில்லை என்று மட்டும் சொன்னான். அந்த ஜனம் ஆசீர்வதிக்கப்பட்டது, அதைச் சபிக்க யாராலும் முடியாது என்ற பாதியை விழுங்கிவிட்டான். அதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் பேச்சு அன்றே முடிந்திருக்கும். பாலாக் வேறு வழி பார்த்திருப்பான். சொன்னதில் பொய் இல்லை, ஆனால் கதவைச் சாத்தவும் இல்லை.

கதவு திறந்திருந்ததால் பாலாக் மறுபடியும் ஆள் அனுப்பினான். இந்தத் தடவை இன்னும் அதிகம் பேர், இன்னும் பெரிய பிரபுக்கள். அவர்கள் கொண்டு வந்த செய்தி இதுதான்: உம்மை மிகவும் கனம்பண்ணுவேன், நீர் சொல்வதையெல்லாம் செய்வேன். இதில் வெள்ளி என்ற பேச்சு இல்லை, பொன் என்ற பேச்சும் இல்லை. அதற்குப் பிலேயாம் சொன்ன பதிலைத்தான் எல்லாரும் பெரிய விசுவாச அறிக்கை போலப் பிரசங்கத்தில் எடுத்துக் காட்டுகிறார்கள். 'பாலாக் எனக்குத் தன் வீடு நிறைய வெள்ளியும் பொன்னும் தந்தாலும்' கர்த்தரின் கட்டளையை மீற மாட்டேன் என்றான். எனக்கு இந்த வசனம் வேறு மாதிரிப் படுகிறது. வெள்ளியையும் பொன்னையும் இழுத்தவன் யார்? வந்தவர்கள் இல்லை, பிலேயாம்தான். வீடு நிறைய என்று அளவு போட்டவனும் அவன்தான்.

எங்கள் பக்கத்தில் செங்கல் சூளைக்குப் பனை வெட்டி அனுப்பும் தரகர் ஒருவர் இருந்தார். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவிப்பதற்கு முந்தைய காலம் அது. என் கடைக்கு வருவார், கருப்பட்டிக் காப்பி குடிப்பார், ஊர்க்கதை பேசுவார். ஒரு தடவை எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இவரிடம், "லட்ச ரூவா குடுத்தாலும் எங்க பாட்டன் வச்ச பனைய வெட்ட விட மாட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் அந்தப் பெரியவரைப் பெருமையாகப் பேசினேன். தரகர் காப்பித் தம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, குடுக்க மனசில்லாதவன் இல்லன்னு சொல்லிட்டு அவன் சோலியப் பாக்கப் போயிருவான். ரூவாயச் சேத்து மாட்டேன்னு சொல்லுதவன் வீட்டுக்கு நான் அடுத்த வாரம் போவேன்." போனார். லட்சத்துக்கு வெகு கீழே முடிந்தது. அந்த விளையில் இன்றைக்கு உடைமரம்தான் நிற்கிறது. எண்ணாகமம் 22-ஆம் அதிகாரம் 18-ஆம் வசனத்தை அதற்கப்புறம் எப்போது வாசித்தாலும் எனக்கு அந்த விளை ஞாபகம் வந்துவிடும்.

அடுத்த வசனம் இன்னும் மோசம். 'கட்டளையை மீற மாட்டேன்' என்று சொன்ன அதே மூச்சில், கர்த்தர் இனிமேல் என்ன சொல்லுவார் என்று பார்க்கிறேன், இந்த ராத்திரி இங்கே தங்கியிருங்கள் என்கிறான். இனிமேல் சொல்ல என்ன இருக்கிறது? சொல்ல வேண்டியதெல்லாம் முதல் ராத்திரியே சொல்லியாகிவிட்டது. வந்தவர்களின் எண்ணிக்கையும் அந்தஸ்தும்தான் மாறியிருக்கிறது, இஸ்ரவேலுக்குக் கர்த்தர் கொடுத்த ஆசீர்வாதம் மாறவில்லை. ஆனாலும் மறுபடி ஜெபித்துப் பார்க்கிறான். பிலேயாம் விழுந்த இடம் இந்த ராத்திரிதான் என்பது என் உறுதியான எண்ணம். மலைமேல் விழவில்லை, கழுதைமேல் இருந்தும் விழவில்லை. வேண்டாம் என்று பதில் வந்துவிட்ட காரியத்தை, கூலி கூடியதால், இன்னொரு தடவை ஜெபத்தில் வைத்த ராத்திரியில் விழுந்தான்.

இங்கே பலருக்கு ஒரு கேள்வி வரும். இரண்டாம் ராத்திரி கர்த்தரே 'போ' என்றாரே, அப்புறம் அவன் போனதற்காக ஏன் கோபப்பட்டார் என்று. அப்பாவிடம் சின்ன வயதில் நானும் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் சங்கீதம் 106-ஐத் திறந்து 15-ஆம் வசனத்தைக் காட்டினார். வனாந்தரத்தில் ஆசைப்பட்ட ஜனங்களைப் பற்றிய வசனம் அது. அவர்கள் கேட்டதை அவர்களுக்குக் கொடுத்தார், அவர்கள் ஆத்துமாக்களிலோ இளைப்பை அனுப்பினார். எனக்கு இன்றைக்கும் அந்தப் பதில் போதும்.

கழுதை விஷயத்தை உங்கள் கட்டுரையே நன்றாகச் சொல்லிவிட்டது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பிலேயாமைத் தடுக்கக் கர்த்தருடைய தூதன் உருவின பட்டயத்தோடு வழியில் நிற்பது கழுதைக்குத் தெரிகிறது. முதலில் வயலுக்குள் விலகுகிறது. அப்புறம் திராட்சத்தோட்டத்துச் சுவரோடு ஒட்டி இவன் காலை நெரிக்கிறது. கடைசியில் விலக இடமில்லாத இடுக்கத்தில் படுத்தேவிடுகிறது. ஊரெல்லாம் தேடி வருகிற ஞானதிருஷ்டிக்காரனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கையில் பட்டயம் இருந்தால் உன்னை இப்பொழுதே கொன்றுபோடுவேன் என்று கழுதையைத் திட்டுகிறான். கூலியின் மேல் கண் போய்விட்டால், பார்க்கிற கண் எவ்வளவு சீக்கிரம் போய்விடுகிறது!

அதற்குப் பிறகு மலைகள். மூன்று இடங்களில் பாலாக் அவனைக் கொண்டுபோய் நிறுத்துகிறான். ஒவ்வொரு இடத்திலும் ஏழு பலிபீடம், ஒவ்வொரு பீடத்திலும் ஒரு காளை, ஒரு ஆட்டுக்கடா. மொத்தம் 21 காளை, 21 கடா. அத்தனை செலவுக்கும் பிலேயாமின் வாயிலிருந்து ஒரு சாபம்கூட வரவில்லை. வந்ததெல்லாம் ஆசீர்வாதம். சாதாரண வார்த்தைகளா அவை? பொய் சொல்ல தேவன் ஒரு மனிதன் அல்ல என்று பிரசங்கிகள் சொல்கிற வசனம் பிலேயாம் சொன்னது. நீதிமான் மரிப்பதுபோல் நான் மரிப்பேனாக என்று எங்கள் ஊர் துக்க வீட்டுச் சுவரொட்டிகளில் அச்சடிக்கிறார்களே, அதுவும் பிலேயாம் சொன்னதுதான். யாக்கோபிலிருந்து ஒரு நட்சத்திரம் உதிக்கும் என்று டிசம்பரில் வீட்டு வாசலில் நட்சத்திரம் கட்டும்போது வாசிக்கிறோம். அதுவும் அவனே.

இதைத்தான் எல்லாரும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பிலேயாம் பீடத்தில் நின்று ஒரு தப்பான உபதேசமும் சொல்லவில்லை. அவன் பிரசங்கத்தில் ஒரு வரியை நீங்கள் திருத்த முடியாது. அப்படிப்பட்ட வாயை வைத்துக்கொண்டுதான் அவன் கடைசியில் செய்ததைச் செய்தான்.

என்ன செய்தான்? 24-ஆம் அதிகாரம் முடியும்போது பாலாக், உன்னைக் கனம்பண்ண நினைத்தேன், நீ கனமடையாதபடிக்குக் கர்த்தர் தடுத்துவிட்டார் என்று சொல்லிக் கூலியில்லாமல் விரட்டுகிறான். இவனும் தன் இடத்துக்குத் திரும்பினான் என்று எழுதியிருக்கிறது. அடுத்த அதிகாரத்தில், சித்தீமில், இஸ்ரவேல் ஜனங்கள் மோவாபியப் பெண்களின் பின்னால் போய், அவர்கள் தெய்வமான பாகால்பேயோரின் பந்தியில் உட்காருகிறார்கள். வாதை வருகிறது. 24,000 பேர் சாகிறார்கள். அந்த அதிகாரத்தில் பிலேயாமின் பெயரே இல்லை. ஆறு அதிகாரம் தாண்டி, 31-ல்தான் உடைத்துச் சொல்கிறார் மோசே: அந்தப் பெண்களை அப்படிச் செய்ய வைத்தது பிலேயாமின் ஆலோசனை. வாயால் சபிக்க முடியாது, ஆகவே சபிக்கப்பட்டவர்களாக அவர்களே மாற ஒரு வழி காட்டிக்கொடுத்தான். வாக்கையும் மீறவில்லை, கூலிக்கும் வழி பண்ணிக்கொண்டான். மோவாபோடு சேர்ந்திருந்த மீதியானின் ராஜாக்கள் ஐந்து பேரை இஸ்ரவேலர் கொன்றுபோட்ட இடத்திலேயே பேயோரின் குமாரனாகிய பிலேயாமும் பட்டயத்தால் விழுந்தான் என்று அதே அதிகாரம் சொல்கிறது. நீதிமானைப்போல் சாக ஆசைப்பட்டவனுடைய சாவு அது. பேதுரு இரண்டாம் நிருபத்தில் அவனை அநீதத்தின் கூலியை விரும்பினவன் என்கிறார். யூதாவும் தன் நிருபத்தில் அவனைச் சொல்கிறார். வெளிப்படுத்தின விசேஷத்தில் பெர்கமு சபைக்கு எழுதும்போது ஆண்டவரே அவன் பெயரை எடுக்கிறார். மேலப்பாளையத்திலிருந்து சரக்கெடுக்க வரும் பாய் ஒருவர், தங்கள் மார்க்கத்திலும் இந்த ஆளைப் பற்றிய பேச்சு உண்டு என்றார். குர்ஆனில் ஏழாம் அத்தியாயத்தில் பெயர் சொல்லாமல் வருகிற ஒருவரை, விரிவுரை எழுதியவர்கள் பலர் இவர்தான் என்று சொல்வார்களாம். அத்தாட்சிகள் கொடுக்கப்பட்டும் அவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு மண்ணின் பக்கம் சாய்ந்தவர் என்று.

சரி, இதையெல்லாம் ஏன் செய்தித்தாளுக்கு எழுத வேண்டும், கோயிலில் பேசினால் போதாதா என்று கேட்பீர்கள். கோயிலில் பேசினேன். இப்போது இங்கேயும் பேச வேண்டியிருக்கிறது.

என் தங்கை மகள் எம்.ஏ., பி.எட். முடித்து ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறியவள். எங்கள் பக்கத்தில் அரசு உதவிபெறும் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் இடம் காலியானது. எந்த ஊர், எந்த நிர்வாகம் என்று நான் எழுதப்போவதில்லை. விண்ணப்பம் போட்டாள். ஒரு நாள் சாயங்காலம் நிர்வாகத்தில் செல்வாக்குள்ள இரண்டு பேர் தங்கை வீட்டுக்கு வந்தார்கள். நானும் இருந்தேன். முறுக்கும் காப்பியும் கொடுத்தோம். வந்ததும் ஜெபம் செய்தார்கள். அதில் மூத்தவர் ஜெபித்தால் கேட்கிறவர்களுக்குக் கண்ணீர் வரும். அன்றைக்கும் தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆமென் சொல்லி முடித்ததும் அவர் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தார். கால்குலேட்டரைத் திறந்தார். ஓர் எண்ணை அடித்து, மேசைமேல் வைத்து, என் பக்கம் திருப்பினார். வாயால் ஒரு தொகையும் சொல்லவில்லை. திரையில் எத்தனை சைபர் என்று நான் எண்ணி முடிப்பதற்குள் திரை இருண்டுவிட்டது. அவர் மறுபடி விரலால் தொட்டு வெளிச்சமாக்கிக் காட்டினார்.

"கட்டட நிதி அண்ணாச்சி" என்றார். "ஆண்டவர் காரியத்துக்குத்தான் போகுது. பிள்ளை வாழ்நாள் பூரா கவர்மெண்டு சம்பளம் வாங்கும்லா."

ரசீது உண்டா என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அவசரமில்ல. குடும்பமா ஜெபிச்சுப் பாருங்க. வெள்ளிக்கிழமை வாறோம்" என்று எழுந்துவிட்டார்கள்.

ஜெபித்துப் பாருங்கள்! லஞ்சம் கொடுக்கலாமா என்று கர்த்தரிடம் கேட்க வேண்டுமாம். யாத்திராகமம் 23-ல், பரிதானம் வாங்காதிருப்பாயாக என்று ஒரே வரியில் சொல்லி முடித்த காரியத்தை மறுபடி அவரிடம் கொண்டுபோக வேண்டுமாம். எனக்கு அந்த நிமிஷம் பாலாக்கின் பிரபுக்கள் தங்கிய ராத்திரிதான் நினைவுக்கு வந்தது. அவர்கள் படி இறங்குவதற்குள் அடுக்களை வாசலில் நின்ற தங்கை மகள் சொன்னாள்: "மாமா, குடுக்க வேண்டாம். குடுத்துட்டு உள்ள போனா காலைப் பிரேயர்ல பிள்ளைகளக் கண்ண மூடச் சொல்ல எனக்கு நாக்கு வராது." மச்சான் விளையை விற்கத் தயாராக இருந்தார். பெற்ற மனம், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தபோது பதில் சொன்னவள் அவள்தான். இப்போது ஒரு சிறிய நர்சரிப் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்குப் போய்வருகிறாள்.

இது சபைக்குள் நடக்கிற குடும்பச் சண்டை இல்லை, ஆசிரியர் அவர்களே. உதவிபெறும் பள்ளியில் ஆசிரியருக்குச் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. அது எல்லா மதத்துக்காரரும் கட்டும் வரிப்பணம். அங்கே படிக்கிற பிள்ளைகளும் எல்லா வீட்டுப் பிள்ளைகளும்தான். பணம் கொடுத்து உள்ளே வருகிறவர் கெட்ட ஆசிரியராகத்தான் இருப்பார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பணம் இல்லாததால் வெளியே நின்ற நல்ல ஆசிரியர் ஒருவரை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, தீர்க்கதரிசனக் கூட்டங்கள். எனக்குத் தீர்க்கதரிசன வரத்தில் நம்பிக்கை உண்டு, அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் மேடையில் ஒரு வாக்கு, மேடைக்குப் பின்னால் கவர் கொடுக்கிறவர்களுக்கு வீடு தேடிப்போய் இன்னொரு வாக்கு என்று நடக்கிறதே, இதற்கு என்ன பெயர்? கடன்பட்டு நிற்கிற குடும்பத்துக்கு ஒரு வாக்குத்தத்தமும் வராமல், லாரி முதலாளிக்கு மட்டும் ஊர் ஊராக வாக்குத்தத்தம் வருவது எப்படி? மீகா தீர்க்கதரிசி இதைத் தன் காலத்திலேயே சொல்லிவிட்டார். தலைவர்கள் பரிதானத்துக்கு நியாயம் தீர்க்கிறார்கள், ஆசாரியர்கள் கூலிக்கு உபதேசிக்கிறார்கள், தீர்க்கதரிசிகள் பணத்துக்குக் குறி சொல்லுகிறார்கள் என்று மூன்று பேரையும் ஒரே வசனத்தில் நிறுத்துகிறார்.

எலிசா தீர்க்கதரிசியைப் பாருங்கள். சீரியாவின் படைத்தலைவன் நாகமான் பத்துத் தாலந்து வெள்ளியும் ஆறாயிரம் சேக்கல் பொன்னும் பத்து மாற்று வஸ்திரங்களும் கொண்டுவந்தான். குஷ்டம் நீங்கின பிறகு, நன்றியோடு, வருந்தி வருந்திக் கொடுத்தான். அதை வாங்கினால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். எலிசா தொடவில்லை. அவர் வேலைக்காரன் கேயாசிதான் பின்னால் ஓடி, எஜமானின் பெயரைச் சொல்லி, இரண்டு தாலந்தும் இரண்டு வஸ்திரமும் வாங்கிப் பதுக்கினான். நாகமானின் குஷ்டம் அவனைப் பிடித்தது. எலிசா வாங்க மறுத்ததற்குக் காரணம் எளிதானது என்று நினைக்கிறேன். வாங்கியிருந்தால், இஸ்ரவேலின் தேவன் இத்தனை தாலந்துக்குச் சுகம் கொடுத்தார் என்று நாகமான் சீரியாவில் போய்ச் சொல்லியிருப்பான்.

இந்தத் திருநெல்வேலிச் சீமைக்கு இது தெரியாத பாடமும் இல்லை. எங்கள் ஆச்சி அடுப்பில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவாள். வீட்டில் கஞ்சிக்கே தட்டுப்பாடான பஞ்ச காலத்திலும் அந்தக் கலயத்தில் கை வைக்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். அந்த மாதிரிக் கைப்பிடிகளில்தான் உபதேசிமாருக்குச் சம்பளம் கொடுத்தார்கள், என் அப்பாவுக்கும் சேர்த்து. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் பணம், நம் ஆட்கள் என்று முடிவெடுத்தார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா ஐயர் அதில் முன்னின்றவர். பிற்பாடு 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மாள் ஐம்பது வருஷம் பிள்ளைகளை வளர்த்தார். பணம் வேண்டும் என்று மனுஷரிடம் கேட்பதில்லை என்பதை ஒரு விரதம் போல வைத்திருந்தார். இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் கட்டிய கோயில் முடிய முப்பது வருஷத்துக்கு மேல் ஆகி, 1880-ல்தான் பிரதிஷ்டை ஆனது. பணம் வரவர வேலை நடந்திருக்கிறது. எந்தப் பிள்ளையின் வேலைக்கும் விலை வைத்துக் கோபுரம் எழுப்பவில்லை.

இந்த ஊர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இன்றைக்கும் நிர்வாகத் தேர்தலில் ஓட்டுக் கேட்கிறார்கள். ஆகவே கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. பள்ளியில் இடம் காலியானால், விண்ணப்பித்தவர்களின் தகுதியையும் மதிப்பெண்ணையும் பள்ளி வாசலில் எழுதி ஒட்டுங்கள். யாரைத் தெரிந்தெடுத்தீர்கள், ஏன் என்று அதற்குக் கீழே எழுதுங்கள். கட்டடத்துக்கு நன்கொடை வேண்டுமானால் ஞாயிறு ஆராதனையில் எல்லார் முன்னாலும் கேளுங்கள், ரசீது போடுங்கள், நானும் தருகிறேன். வேலை கேட்டு நிற்கிற பிள்ளையின் வீட்டுத் திண்ணையில் வந்து கேட்காதீர்கள். கூட்டம் நடத்துகிற கமிட்டிகள், பிரசங்கியாருக்குக் கொடுத்த காணிக்கையையும் கார் வாடகையையும் மற்றக் கணக்கோடு சேர்த்துச் சபையில் வாசித்துவிடுங்கள். அப்புறம், லஞ்சம் கேட்டுப் போகிற வீட்டில் தயவுசெய்து ஜெபம் செய்யாதீர்கள். கேட்டுவிட்டு எழுந்து போனாலும் போங்கள், ஜெபத்தை அதில் சேர்க்க வேண்டாம்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஆன்மிகப் பக்கத்தில் எழுதியவரிடம் சொல்லி, எண்ணாகமம் 25, 31 அதிகாரங்களையும் சேர்த்து இந்தக் கதையின் மீதியை எழுதச் சொல்லுங்கள். என்னைவிட நன்றாக அவர் எழுதுவார்.

தங்கை மகளிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகே அவள் விஷயத்தை எழுதியிருக்கிறேன். அவளை யாரும் அடையாளம் கண்டு தொந்தரவு செய்யக் கூடாது என்பதால் என் பெயரையும் போட வேண்டாம். முகவரியும் கைபேசி எண்ணும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். நிர்வாகங்களில் இருக்கிறவர்கள் யாராவது, எங்கள் பள்ளியில் இப்படி நடப்பதில்லை என்று எழுதினால் அதையும் இதே இடத்தில் போடுங்கள். அந்தப் பள்ளியில் அடுத்த இடம் காலியாகும்போது எங்கள் பிள்ளையை விண்ணப்பத்தோடு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கருப்பட்டி வியாபாரி ஒருவர்,
திசையன்விளை வட்டாரம்,
திருநெல்வேலி மாவட்டம்.